நின்று பார்த்தால்தான் தெரியும்

(கோவையில் மூத்த குடிமக்கள் கூடிய அவையில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று வந்தால் காதில் விழும் பேச்சில் பாதி எண்கள்தான். "வெறும் வயித்துல எவ்வளவுங்க?" "நூத்திப் பத்து." "சாப்புட்டு?" "நூத்தி அறுவது." "மூணு மாசத்துது?" "ஏழு." நம் ஊர்க்காரர்கள் இந்தச் சர்க்கரை எண்களைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது பெரிய முன்னேற்றம். அந்த அக்கறையால் பல கண்கள் தப்பியிருக்கின்றன, பல சிறுநீரகங்கள் தப்பியிருக்கின்றன.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். சர்க்கரை உள்ளவர்கள் கை தூக்குங்கள். பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். சரி, இறக்கிவிடுங்கள். கடைசியாகச் சர்க்கரைக்காக டாக்டரிடம் போனபோது, செருப்பைக் கழற்றச் சொல்லி, நாற்காலியை விட்டு எழுந்து நிற்கச் சொல்லி, இரண்டு பாதத்தையும் ஒட்டிவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்களா? சொன்னார்கள் என்பவர்கள் மட்டும் கை தூக்குங்கள். மூன்று கைதான் தெரிகிறது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். சர்க்கரை உள்ளவர் எவ்வளவு உறுதியாக நிற்கிறார் என்பதை ரத்தம் சொல்லாது. நிற்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் கீழே விழுவதைப் பெருமளவு தடுக்கலாம். "வயசாச்சு, உழுகறது சகஜம்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விழுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடத்தான் வயது என்ற சொல் பயன்படுகிறது.

எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அதே சென்னை நிறுவனத்தார் 2008-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், சென்னை நகரத்துச் சர்க்கரைக்காரர்களில் 26 சதவீதம் பேருக்குக் கால் நரம்பு கெட்டிருந்தது. நாலு பேரில் ஒருவர்.

நிற்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறோம். ஒரு நிமிடம் அசையாமல் நின்று உங்கள் பாதத்தைக் கவனித்துப் பாருங்கள். எடை குதிகாலுக்குப் போகும், முன்பாதத்துக்கு வரும், ஓரத்துக்கு நகரும், திரும்பும். உடம்பின் எடை இறங்கும் கோடு கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறது. ஆக நாம் எப்போதும் முன்பக்கம் சாயத்தான் பார்க்கிறோம். கெண்டைக்கால் தசை ஓயாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அதற்குத் தகவல் வர வேண்டும். அந்தத் தகவல் மூன்று இடத்திலிருந்து வருகிறது. எது நேர், எது சாய்வு என்று கண் பார்த்துச் சொல்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்படிச் சாய்கிறது என்று உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகளும் சொல்கின்றன. மூன்றாவது, கால். பாதத்தின் தோலும் கணுக்கால் மூட்டும் கெண்டைக்கால் தசையும் தரை எப்படி இருக்கிறது, எடை எங்கே இருக்கிறது என்று நொடிக்கு நொடி மேலே சொல்லி அனுப்புகின்றன. நல்ல வெளிச்சத்தில், கெட்டியான தரையில் நிற்கும் ஆரோக்கியமான மனிதர் காலை நம்பித்தான் பெரும்பாலும் நிற்கிறார். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர்கள் காலின் பங்கு கிட்டத்தட்ட 70 சதவீதம் என்கிறார்கள். கண்ணுக்கு 10 சதவீதம்தான்.

சர்க்கரை முதலில் கை வைப்பது அந்த 70-இல். ஏன் காலில்? இடுப்புக்குக் கீழே முதுகெலும்பை ஒட்டி இருக்கும் ஒரு நரம்புச் செல்லிலிருந்து கால் கட்டைவிரல் நுனி வரை ஒரே இழையாகப் போகிறது, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அந்த நீளம் முழுக்க அந்த ஒரு செல்தான் ஊட்டம் அனுப்ப வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைக் காடுதான் என்று இங்கே இருக்கும் விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடக்கணக்கில் ஏறியிருந்த சர்க்கரை நரம்புக்குப் போகும் பொடி ரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது, முதலில் விரல் நுனி மரக்கிறது, பிறகு பாதம், பிறகு கணுக்கால்.

எரிச்சலும் ஊசி குத்துவதுபோன்ற வலியும் வந்தவர்கள் டாக்டரிடம் போய்விடுகிறார்கள். அது மெல்லிய இழைகள் படும் பாடு. நிலையாக நிற்பதற்கு வேண்டியவை பருத்த இழைகள். அதிர்வையும் மூட்டின் இருப்பையும் சொல்பவை. அவை போகும்போது வலிப்பதில்லை. "மதமதன்னு இருக்குது", "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குதுங்க", "செருப்பு கழண்டு உழுந்தது தெரியலீங்க, பத்து அடி போயித்தான் பார்த்தேன்" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள். இந்த மூன்றாவது வாக்கியத்தை யாராவது சொல்லக் கேட்டால் நான் அன்றைக்கே அவரை நிற்க வைத்துப் பார்த்துவிடுவேன்.

உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியை அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏழுக்குப் பக்கத்தில். டாக்டர் பாராட்டி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "பகல்ல ஒண்ணும் தெரியறதில்லீங்க அம்மிணி. ராத்திரி கரண்டு வந்து தண்ணி கட்டப் போனா மட்டும் வரப்புல தடுமாறறாரு. வாய்க்கால்ல உழுந்து சேத்தோட எந்திரிச்சு வர்றாரு." அவர் குறுக்கிட்டு, "டார்ச்சு லைட்டு சரியில்லீங்க, அதுதான்" என்றார். அக்கம்பக்கத்தில் குடித்துவிட்டுத் தடுமாறுகிறார் என்றும் பேசியிருக்கிறார்கள். ஒரு சொட்டு தொடாத மனிதர். அந்தப் பேச்சுதான் அவரை அதிகம் காயப்படுத்தியிருந்தது.

வரப்பில் நடப்பது சாதாரண விஷயமில்லை. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒரே கோட்டில் வைத்து நடக்கச் சொல்லி நரம்பியல் மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள். நம் விவசாயி அந்தப் பரிசோதனையைத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பகலில் தேறினார், இரவில் தவறினார். அந்த அம்மா சொன்ன பகல், இரவு என்ற வித்தியாசத்திலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது.

சுவர் மூலையில் அவரை நிறுத்தினேன். முன்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் நான். பாதங்களை ஒட்டிவைத்து, கண்ணைத் திறந்தபடி நன்றாகவே நின்றார். கண்ணை மூடச் சொன்னேன். முதலில் கால் விரல்கள் தரையைப் பிடிக்கப் பார்த்தன. கணுக்காலுக்கு முன்னே உள்ள தசைநார் புடைத்து அடங்கியது, மறுபடி புடைத்தது. இடுப்பு வலப்பக்கம் போயிற்று, திரும்பி வந்தது, அடுத்த முறை திரும்பவில்லை. என் கையில் சாய்ந்துவிட்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏனம்மிணி தள்ளி உட்டே?" என்றார். யாரும் தள்ளவில்லை. அவர் சாய்ந்துகொண்டிருப்பதை அவர் காலே அவருக்குச் சொல்லவில்லை. 128 அதிர்வுள்ள இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தேன், தெரியவில்லை. கணுக்காலில் வைத்தேன், தெரியவில்லை. முழங்காலில் வைத்தபோதுதான், "ஆங், இப்ப கிர்ருனு வருதுங்க" என்றார்.

இந்தப் பரிசோதனை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பிறந்தது. பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க், முதுகுத்தண்டின் பின்பகுதி தேய்ந்துபோன நோயாளிகளைப் பார்த்தார். அன்றைக்கு அதற்குக் காரணம் சிஃபிலிஸ். இருட்டில் அவர்களால் நிற்க முடியவில்லை. கண்ணை மூடச் சொன்னால் ஆடினார்கள். கண்ணை மூடி முகம் கழுவக் குனிந்தாலே சாய்வது அவர்களுக்கு வழக்கம். இன்றும் அந்தப் பரிசோதனைக்கு அவர் பெயர்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதே கேள்வி பொருந்தும்: முகத்துக்குச் சோப்புப் போடும்போது ஒரு கையால் குழாயையோ சுவரையோ பிடித்துக்கொள்கிறீர்களா? ஆமாம் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தப் பரிசோதனைக்கு இயந்திரம் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், ஒரு நிமிடம் போதும். ஆனால் தனியாக யாரும் செய்து பார்க்காதீர்கள். பக்கத்தில் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

விழுவது எங்கே, எப்போது என்று பார்த்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுப் பின்புறத்துப் பொடக்காலிப் பக்கம்தான் அதிகம் கேள்விப்படுகிறேன். அந்த ஐந்து நிமிடத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சர்க்கரை ஏறியிருந்தால் சிறுநீர் அதிகம் போகும், அதனால் எழ வேண்டியிருக்கிறது. படுத்திருந்தவர் சட்டென்று எழும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது. நல்ல நரம்பு இருந்தால் ரத்தக் குழாய்களை உடனே இறுக்கி அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும். சர்க்கரை அந்தத் தானியங்கி நரம்புகளையும் கெடுக்கிறது. எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அது நோய்க்குறி. அதன்மேல் பிரஷர் மாத்திரையும் புரோஸ்டேட் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். தலை லேசாகச் சுற்றுகிறது. விளக்கைப் போட்டால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று இருட்டிலேயே நடக்கிறார். ஆகக் கண்ணின் உதவி போயிற்று. விழித்திரைக்கு லேசர் வைத்தவர் என்றால் மங்கலான வெளிச்சமும் அவருக்கு உதவாது. கால் ஏற்கெனவே மரத்தது. மிச்சம் இருப்பது உள்காது ஒன்றுதான். பழைய வீடு என்றால் உயர்ந்த நிலைப்படி இருக்கிறது. கால் நுனியைத் தூக்கும் தசை தளர்ந்திருப்பதால் விரல் தட்டுகிறது. அதற்கு அப்பால் ஈரத் தரை.

இத்தனையும் ஒன்று சேரும்போது யாருக்குத்தான் கால் நிற்கும்? ஆனால் காலையில் பிள்ளைகள் சொல்வது, "அப்பாரு தூக்கக் கலக்கத்துல உழுந்துட்டாரு" என்று. அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் அறுக்கலாம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் பத்து முறை அசைத்துவிட்டு எழலாம். வழியெங்கும் சின்ன விளக்கு எரியட்டும். பொடக்காலிச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடிக் குழாய் பதியுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. டாக்டரிடம் படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை, பிறகு மூன்று நிமிடம் கழித்து ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

கூன் பற்றியும் சொல்ல வேண்டும். காலை நம்ப முடியாதவர் கண்ணால் தரையைத் தேடுகிறார். தலை குனிகிறது, தோள் முன்னே வளைகிறது, இடுப்பு மடிகிறது, அடி சின்னதாகிறது, கால்கள் அகன்று விழுகின்றன. அவருக்கே தெரியாமல் உடம்பு கண்டுபிடித்த பாதுகாப்பு அது. அதற்கு ஒரு விலை இருக்கிறது: குனியக் குனிய எடை முன்பாதத்துக்குப் போகிறது. நாள்பட்ட சர்க்கரையில் குதிகால் தசைநாரும் இறுகிப்போவதால் அழுத்தம் இன்னும் கூடுகிறது. உணர்வில்லாத தோல், அதன்மேல் கூடுதல் அழுத்தம். கட்டைவிரலுக்கு அடியில் ஆணி வருவதும், அது புண்ணாவதும் இப்படித்தான். முதுகு வளைந்திருப்பதைப் பார்த்தால் நான் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பேன்.

1992-இல் அமெரிக்காவில் பீட்டர் கவானா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கால் நரம்பு கெட்ட சர்க்கரை நோயாளிகள், நரம்பு நன்றாக இருந்த சர்க்கரை நோயாளிகளைவிட 15 மடங்கு அதிகமாக, நிற்கும்போதோ நடக்கும்போதோ அடிபட்டதாகச் சொன்னார்கள். எலும்பும் இவர்களுக்குத் துணை நிற்பதில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரையில் எலும்பின் அடர்த்தி ஸ்கேனில் நன்றாகவே தெரியும், ஆனாலும் முறியும் வாய்ப்பு அதிகம். ஸ்கேன் நன்றாக இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க முடியாது.

இங்கே நம் கொங்கு மண்ணில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஜெஸ்ஸி, எவலின் என்ற ஆங்கிலேயக் கிறிஸ்தவ ஊழியர்கள். வெறுங்காலோடு மலையில் ஓடித் திரிந்த பையனை ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்பாவை அவர் மறுபடி பார்க்கவில்லை. ஜெஸ்ஸி 1929-இல் கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார். பையன் அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் தானாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். பிராண்ட் ஒவ்வொரு புண்ணாகத் தேடிப் பார்த்தார். வலி தெரியாததால் நெருப்பில் பட்டதும், ஆணி குத்தியதும், நடந்து நடந்து அழுந்தியதுமே அந்தப் புண்கள் என்று காட்டினார். உணர்விழந்த பாதத்துக்கென்று மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு வந்தது அந்த வேலையில்தான். இன்று செருப்புக் கடையில் "எம்.சி.ஆர். சப்பல்" என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதுதான். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனவர், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணும் அதே வழியில்தான் வருகிறது என்று அங்குள்ள மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னார். கொல்லிமலைப் பிள்ளை வேலூரில் கற்றது உலகத்தின் சர்க்கரைக் கால்களைக் காப்பாற்றியது.

அவர் வாழ்க்கையில் ஒரு ராத்திரி. நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு குதிகாலில் உணர்வில்லை என்று கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று விடிய விடியத் தூங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தினார். கத்தும் அளவுக்கு வலித்தது. உட்கார்ந்தபடியே வந்ததில் நரம்பு அழுந்தியிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். முள் குத்தினால் சுருக்கென்று தெரிவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று உணர்விழந்த கால்களைத் தினமும் தொட்டுப் பார்க்கும் நான் அறிவேன்.

அவருடைய அம்மா எவலின், கணவர் இறந்த பிறகும் மலைகளை விடவில்லை. வயதான காலத்தில் முதுகுத்தண்டிலிருந்து வரும் நரம்பு அழுந்தி, முழங்காலுக்குக் கீழே தசைகள் செயலிழந்தன. இரண்டு நீளமான மூங்கில் கம்புகளை இரு கையிலும் ஊன்றி, பாதம் தரையில் இழுபடாதபடி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். தொண்ணூறைத் தாண்டியும் ஊர் ஊராகப் போனார். 1974-இல், 95 வயதில் காலமானார். காலுக்கும் நிலைக்கும் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு மகனுடைய செருப்பைப் போலவே தாயின் கம்பும் விடைதான்.

கம்பு எப்படி உதவுகிறது? எடையைத் தாங்குகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. 1994-இல் ஜெகா, லாக்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நிற்பவரின் விரல் நுனி ஒரு கம்பியை மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தாலே உடம்பின் ஆட்டம் குறைகிறது என்று அளந்து காட்டினார்கள். 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தம். அந்த அழுத்தத்தால் யாரையும் தாங்கிப் பிடிக்க முடியாது. கால் சொல்லாததை விரல் சொல்லிவிடுகிறது. 2001-இல் டிக்ஸ்டீன், ஹோராக் குழுவினர் நரம்பு கெட்டவர்களிடமும் இது பலிப்பதைக் கண்டார்கள். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர்கள் இங்கே இருப்பீர்கள். அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏறுகிறோம். பாறையிலும் இருட்டிலும் அந்தத் தடி தரையைத் தொட்டுக் கைக்குச் செய்தி சொல்லிக்கொண்டே வருவதால்தான் வாலிபப் பிள்ளைகளும் அதை விடுவதில்லை. மலையில் தடி பிடிக்க வெட்கப்படாத நம் ஆண்கள் ஊர்க் கடைவீதியில் மட்டும் தடி பிடிக்க மறுப்பது எனக்கு வருத்தம். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டுக் கோடு எங்கே வருகிறதோ அந்த உயரத்துக்குக் கைப்பிடி இருக்கட்டும். அடியில் ரப்பர் பூண் தேய்ந்தால் மாற்றுங்கள். ஒரு கால் அதிகம் பலவீனம் என்றால் எதிர்க்கையில் பிடியுங்கள்.

எல்லா மதமதப்பும் சர்க்கரையால் வருவதில்லை. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கறி, முட்டை சேர்க்காத வீடுகளில் இன்னும் குறையும். பி12 குறைவும் கால் நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்கி இதே தடுமாற்றத்தைக் கொண்டுவரும். வித்தியாசம் என்னவென்றால், சீக்கிரம் கண்டுபிடித்தால் இதைச் சரிசெய்ய முடியும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது நல்ல மருந்து. பி12 பார்த்துவிடலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சாப்பாடு தவறிச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவது வேறு கதை. வியர்வையும் கை நடுக்கமும் கூடவே இருக்கும், வீட்டார் அதை அறிவார்கள்.

போன நரம்பு திரும்புமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் திரும்பாது. அதைச் சொல்லாமல் மறைத்து எண்ணெயும் மின்சார மெத்தையும் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஆனால் மிச்சம் இருப்பதை வைத்து நிற்க உடம்புக்குப் பழக்கலாம், இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உடற்பயிற்சியால் முதியோர் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்று, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது. முன்பெல்லாம் கால் மரத்தவர்களை நடக்கவே விடாமல் உட்கார வைத்தார்கள். 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, பாதத்தைப் பார்த்துக்கொண்டு, நல்ல செருப்போடு நடந்தவர்களுக்குப் புண் கூடவில்லை என்று காட்டிய பிறகு அந்தத் தடை தளர்ந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. சமையல் மேடையைப் பிடித்து நில்லுங்கள், பின்னால் ஒரு நாற்காலி. குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பிறகு விரல்களைத் தூக்கி இறக்குங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முடியாதவர்கள் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி, வரப்பில் நிற்பதைப் போலவே நில்லுங்கள். முதல் வாரம் இரண்டு கையாலும் பிடியுங்கள், பிறகு ஒரு கை, பிறகு ஒரே ஒரு விரல். அந்த விரலை எடுக்க அவசரப்பட வேண்டாம். உடுமலைக்காரர் இதைத் தொடர்ந்து செய்கிறார். நரம்பு மாறவில்லை; இசைக்கவை இன்னும் முழங்காலில்தான் தெரிகிறது. ஆனால் கணுக்காலுக்கும் இடுப்புக்கும் பலம் வந்திருக்கிறது, கையில் தடி இருக்கிறது, ராத்திரி மடை திருப்ப மகன் போகிறான். வாய்க்காலில் விழுவது நின்றிருக்கிறது. ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக, சிவப்பாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும், எந்தப் பயிற்சியும் வேண்டாம். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஹவாய் செருப்பு வேண்டாம். அதை விரலால் கவ்வித்தான் நடக்க வேண்டும். மரத்த விரல் கவ்வாது. பின்பட்டி உள்ளதாக வாங்குங்கள், வீட்டுக்குள்ளும் போடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் பழக்கம் நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கிறது. கால் மரத்தவர்கள் நடக்கும்போது காலணி போட்டுக்கொள்ளுங்கள், தங்கும் இடத்தில் எல்லாம் பாதத்தைத் திருப்பி ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சிவெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றுவதை மாலைக்கு மாற்றுங்கள். பண்ணாரியில் குண்டம் இறங்க வேண்டிக்கொண்டவர்களிடம் நான் சொல்வது: சூடு தெரியாத காலோடு இறங்க வேண்டாம், அதே வேண்டுதலை வேறு எப்படிச் செலுத்தலாம் என்று கோயிலில் கேளுங்கள். அந்த அம்மன் உங்கள் கால் புண்ணாவதைக் கேட்கவில்லை என்பது என் நம்பிக்கை.

பிள்ளைகளிடம் ஒன்று. பெரியவர்கள் விழுந்ததைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் தோட்டத்துக்குப் போகக் கூடாது என்பீர்கள், சாளையைப் பூட்டிவிட்டு டவுன் வீட்டுக்கு வந்துவிடு என்பீர்கள் என்ற பயம். "உழுந்தீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "எங்கியாச்சும் பிடிச்சு நின்னீங்களா? செருப்பு கழண்டுச்சா? வரப்புல போறீங்களா, சுத்தி ரோட்டுல போறீங்களா?" என்று கேளுங்கள். விழுந்தது தெரிந்தால் திட்டாதீர்கள். எந்த நேரம், எவ்வளவு வெளிச்சம், படுக்கையிலிருந்து எழுந்ததுமா, சாப்பிடுவதற்கு முன்னா பின்னா, காலில் என்ன போட்டிருந்தார், அன்று என்னென்ன மாத்திரை என்று ஒரு காகிதத்தில் குறித்து டாக்டரிடம் கொடுங்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குப் பெயர் கொடுக்கும்போது, சர்க்கரை இருக்கிறது என்பதோடு, இருட்டில் தடுமாறுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.